கடல் கடப்போரும் சிம் அட்டையும்

சீதாவக்கை ஆற்றின் இருமருங்கும் உயர்ந்து செல்லும் மலைச்சாரல்களிலே தேயிலையும் இறப்பரும் செழித்து விளங்கும் ஊர் தெரணியகலை. கொழுந்து கொய்வோரும் பால் வெட்டுவோரும் வாழுகின்ற நூரி, மாலிபொட, மியனவிட்ட முதலிய தோட்டங்கள் இதனைச் சூழ உள்ளன. இத்தோட்டப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து செல்வோர் இன்று பலர். பழனிக்கும் மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை போவோர் உளர். நீலகிரியிலே குடியேறிவிட்ட உறவினரைக் காணச் செல்வோர் உளர். வீட்டுப் பணிக்காகவும் சாரதி வேலைக்காகவும் அரபு நாடுகளுக்குச் செல்வோர் உளர்.

புறப்படுமுன் இவர்கள் கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, கைச்செலவுக்குப் பணம் என்று ஒவ்வொன்றையும் பலமுறை எண்ணிப் பார்க்கின்றனர். ஆயினும் ஒரு பொருளைப்பற்றி மட்டும் கடைசி நாளிலே, அவிசாவளைக் கடைத்தெருவிலோ விமான நிலைய வாயிலிலோ, அவசரமாகத் தீர்மானிக்கின்றனர். அதுவே கைத்தொலைபேசிக்குள் இடுகின்ற சிம் அட்டை. இன்று வழக்கிலுள்ள சிறிய அட்டையின் நீளம் 12.3 மில்லிமீற்றர், அகலம் 8.8 மில்லிமீற்றர். விரல் நகத்தளவேயான இத்துண்டைக் குறித்து அவர்கள் கேட்கும் கேள்வி, "எது மலிவு?" என்பதே. முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வேறு. யாரோடு பேச வேண்டும், எங்கிருந்து பேச வேண்டும், எத்தனை நாளைக்குப் பேச வேண்டும் என்பதே அது. அதற்கு விடை தெரியாதவருக்கு மலிவு எது என்பதும் தெரியாது.

தோட்ட மக்களுக்குக் கடல் கடந்த தொடர்பு புதியதன்று. 1964 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் அதிலே முடிவாயிற்று. அதன்படி தலைமன்னாரிற் கப்பலேறியோருட் பலர் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளிலே தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் அங்கும் தங்கை இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! அவர்களை இணைத்து வைத்தது தபாற்கந்தோர் ஒன்றே. பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வந்தது. இறந்த செய்தி தந்தியில் வந்தது. தந்தி வந்து சேரும்போது பெரும்பாலும் அடக்கம் முடிந்திருக்கும். இந்தியாவில் அத்தந்திச் சேவையும் 2013 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. அன்று கடிதமும் தந்தியும் செய்த வேலையை இன்று சிம் அட்டை செய்கின்றது. ஆதலால் அதனைத் தேர்வது சில்லறைக் காரியமன்று.

அட்டை வேலை செய்யும் விதத்தைச் சிறிது அறிந்துகொண்டால் விலையின் காரணமும் விளங்கும். உலகில் வேறெந்த அட்டைக்கும் இல்லாத ஓர் அடையாள இலக்கம் ஒவ்வொரு சிம் அட்டையினுள்ளும் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் முதல் மூன்று எண்கள் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405. இலங்கை அட்டையுடன் ஒருவர் சென்னையில் இறங்கித் தொலைபேசியை இயக்கினால், அங்குள்ள கோபுரம் இவர் விருந்தினர் என்பதை அவ்வெண்களால் அறிந்துகொள்ளுகின்றது. உடனே கொழும்பிலுள்ள அவரது கம்பனியை வினவுகின்றது. இவர் எங்கள் வாடிக்கையாளர்தாம், இவருக்கு இடங்கொடுக்கலாம் என்று அங்கிருந்து விடை வந்த பின்னரே கதவு திறக்கின்றது. இடங்கொடுத்த இந்தியக் கம்பனி கூலி கேட்கும். கொழும்புக் கம்பனி தன் பங்கையும் அதன்மேற் சேர்க்கும். ரோமிங் என்று சொல்லப்படுவது இதுதான். இரண்டு வீட்டாருக்கு வாடகை கொடுப்பதால் இது விலை கூடியதாகின்றது.

இக்கூலி இயற்கையாய் அமைந்ததன்று. மனிதர் தமக்குள் பேசி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2017 ஆம் ஆண்டு யூன் 15 ஆந் திகதி முதல், ஒரு நாட்டு அட்டையை ஒன்றியத்தின் மற்றொரு நாட்டிற் பயன்படுத்துவோரிடம் மேலதிக ரோமிங் கட்டணம் அறவிடலாகாது என்று சட்டம் செய்தனர். தென்னாசிய நாடுகளுக்கிடையே அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. ஆகவே இங்குள்ள பயணி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவனாகின்றான்.

அவன் முன்னே நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, இலங்கைக் கம்பனியின் ரோமிங் திட்டத்தைப் பணங் கட்டிப் பெற்றுச் செல்வது. 2024 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் சேர்ந்த பின்னர், டயலொக், எஸ்.எல்.ரி.–மொபிற்றெல், ஹட்ச் என மூன்று கைத்தொலைபேசிக் கம்பனிகளே இந்நாட்டில் உள்ளன. இவ்வழியின் சிறப்பு, பழைய இலக்கம் அப்படியே இருப்பது. லயத்திலுள்ள தாய் வழக்கமாக அழுத்தும் இலக்கத்தையே அழுத்தலாம். குறை, விலை கூடுதலாய் இருப்பது. திட்டம் எதுவும் பெறாமல் ரோமிங்கை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு செல்வோர் நிலை மிகவும் கெட்டது. ஒரு சிறு காணொளி தானே ஓடினாலும் கையிருப்பு முழுவதும் கரைந்துவிடும்.

இரண்டாவது, போய்ச் சேர்ந்த நாட்டிலே அந்நாட்டு அட்டையை வாங்குவது. நெடுநாள் தங்குவோருக்கு இதனினும் சிக்கனமான வழி இல்லை. இந்தியாவிலே 2016 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஜியோ கம்பனி சேவை தொடங்கியபின் இணையத் தரவின், அதாவது கடையிலே டேட்டா என்று கேட்கப்படுவதன், விலை பெரிதும் வீழ்ந்தது. ஆனால் அயல்நாட்டார் அங்கே அட்டை வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் காட்ட வேண்டும். பத்திரங்கள் சரிபார்க்கப்பட்டு அட்டை இயங்குவதற்குச் சில மணி நேரமோ, சிலபோது அதனினும் கூடவோ, செல்லும். நள்ளிரவில் இறங்கி அதிகாலையிற் பழனிக்கு வண்டியேற நினைப்பவர் இத்தாமதத்தையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவது, பல நாடுகளுக்கும் ஒரே அட்டை என விளம்பரஞ் செய்யப்படும் சர்வதேச அட்டை. மலிவு என்னும் சொல் மிகுதியும் ஒலிப்பது இங்கேதான். இவ்வட்டை எந்த மாயத்தாலும் மலிவாகவில்லை. இதுவும் ரோமிங் அட்டையே. பயணியின் நாடுமன்று, அவன் செல்லும் நாடுமன்று, மூன்றாவது நாடொன்றின் கம்பனிக்கு உரியதாக இது பெரும்பாலும் இருக்கும். அக்கம்பனி பல நாட்டுக் கம்பனிகளிடம் மொத்தமாக டேட்டாவை வாங்கிச் சில்லறையாக விற்கின்றது. மொத்த விலை குறைவாதலாற் சில்லறையும் குறைகின்றது. இப்போது அட்டையே இல்லாமல் தொலைபேசியினுள் எழுதப்படும் இ-சிம் என்னும் வகையும் வந்துள்ளது. எல்லாத் தொலைபேசிகளும் அதனை ஏற்கமாட்டா. விலை குறைந்த தொலைபேசிகள் பலவும் அதனை ஏற்பதில்லை. அதனைத் தொலைபேசியில் இறக்கவும் இணையம் வேண்டும். எனவே வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே அவ்வேலையை முடித்துக்கொள்ளுதல் நன்று.

நான்காவது, அட்டை எதுவும் வாங்காமல், விடுதியிலும் விமான நிலையத்திலும் கிடைக்கும் வைஃபையை மட்டும் நம்பிச் செல்வது. செலவு இல்லை, ஆனால் பேருந்து பழுதாகி வழியில் நிற்கும் இரவிலே அது உதவாது. நீலகிரியில் உறவினர் வீட்டிற் தங்குவோருக்கு மட்டும் இதிலே ஓர் உபாயம் உண்டு. மருமகனின் தொலைபேசியிலிருந்தே டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளலாம். இதைவிட மலிவான அட்டை எக்கடையிலும் இல்லை.

இந்நான்கனுள் மூன்றாவதை இன்னும் உற்று நோக்குதல் வேண்டும். குறைந்த விலைச் சர்வதேச அட்டைகளுட் பல, டேட்டாவை மட்டுமே தருவன. பேசுவதற்கான இலக்கம் அவற்றில் இல்லை. வாட்ஸ்அப் பழைய இலக்கத்திலே பதிவாகியிருந்தால், வேறு அட்டையின் டேட்டாவிலும் அது தடையின்றி இயங்கும். ஆதலால் நவீன தொலைபேசி வைத்திருக்கும் மகனோடு பேசுவதில் இடரில்லை. ஆனால் லயத்திலிருக்கும் பாட்டியிடம் பொத்தான் தொலைபேசி மட்டுமே உள்ளதாயின், இவ்வட்டையால் அவரை அழைக்க முடியாது; அவராலும் அழைக்க முடியாது. வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொல் வருவதாயின் அதுவும் பழைய இலக்கத்துக்கே வரும். ஆகவே சர்வதேச அட்டை வாங்கினும் இலங்கை அட்டையை எறிந்துவிடலாகாது. இரண்டு அட்டை கொள்ளும் தொலைபேசியிலே இரண்டையும் இட்டு, இலங்கை அட்டையின் டேட்டா ரோமிங்கை மட்டும் அடைத்து, குறுஞ்செய்தி வரும்படி விட்டுவைப்பதே அறிவுடைமை. அதற்கான ரோமிங் வசதி திறந்துள்ளதா என்பதைப் புறப்படுமுன் கம்பனியிடம் கேட்டறிதலும் வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பிற் குரலாற் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்.பி. செலவாகும். முகம் பார்த்துப் பேசினால் ஏறத்தாழ 5 எம்.பி. செலவாகும். ஒரு ஜி.பி. என்பது ஏறத்தாழ 1,000 எம்.பி. எனவே ஒரு ஜி.பி. கொண்டு குரலால் 2,000 நிமிடம், அதாவது முப்பத்து மூன்று மணி நேரம் பேசலாம். முகம் பார்த்தாயின் 200 நிமிடமே, அதாவது மூன்று மணி இருபது நிமிடமே பேசலாம். நாளொன்றுக்கு இருபது நிமிடம் குரலாலும் பத்து நிமிடம் முகம் பார்த்தும் பேசும் யாத்திரிகருக்கு 60 எம்.பி. போதும், பதினைந்து நாளைக்கு 900 எம்.பி. ஆகின்றது.

இப்போது ஓர் உதாரணம் கொள்க. ஓர் அட்டை ஆயிரம் ரூபா, ஒரு ஜி.பி. தருகின்றது, ஏழு நாள் செல்லும். மற்றோர் அட்டை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா, ஐந்து ஜி.பி. தருகின்றது, முப்பது நாள் செல்லும். பார்த்தவுடன் முதலாவதே மலிவெனத் தோன்றும். பதினைந்து நாள் யாத்திரைக்கு அந்த ஒரு ஜி.பி. போதியதே. ஆனால் எட்டாம் நாள் மிச்சமிருக்கும் டேட்டாவோடு அட்டை காலாவதியாகிவிடும். பதினைந்து நாளையும் கடக்க அத்தகைய அட்டை மூன்று வேண்டும், விலை மூவாயிரம். எனவே இரண்டாவதே மலிவு. அதே வேளையில், ஆறு நாளில் திரும்பி வருபவருக்கு முதலாவதே மலிவு. அட்டையின் மேல் அச்சிட்ட விலை மாறவில்லை, பயணந்தான் மாறிற்று. ஆதலால் டேட்டாவின் அளவைக் கேட்பவர் நாளின் அளவையும் கேட்க வேண்டும். அந்நாட்கள் வாங்கிய நாள் முதல் எண்ணப்படுமா, முதலிற் பயன்படுத்திய நாள் முதல் எண்ணப்படுமா என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னும் சில நுட்பங்கள் சிறிய எழுத்திலே மறைந்து கிடக்கும். அளவற்ற டேட்டா என்று சொல்லப்படும் திட்டங்களிற் பல, ஒரு குறித்த அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவன. பயணி செல்லும் நாடு அட்டையின் பட்டியலில் உள்ளதா என்பது மற்றொன்று. அந்நாட்டில் எந்தக் கம்பனியின் கோபுரத்தோடு அட்டை சேரும் என்பது இன்னுமொன்று. நகரத்தில் நன்கு இயங்கும் கம்பனி மலைப்பகுதியில் இயங்காதிருத்தல் கூடும். கூடலூருக்குச் செல்பவருக்குச் சென்னையின் வேகத்தால் ஆவதென்ன? தொலைபேசியும் தானாகவே படங்களைச் சேமிப்பதிலும் செயலிகளைப் புதுப்பிப்பதிலும் டேட்டாவை விழுங்கும். இவற்றை அடைக்காதவர், பேசாமலே கட்டணம் செலுத்தியவராவர்.

யாத்திரிகருக்கு நேரும் நட்டம் சில ஆயிரம் ரூபாவோடு முடியும். அரபு நாட்டுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணின் காரியம் அத்தகையதன்று. அவளுக்குத் தொலைபேசியே வாசற்கதவு. சம்பளம் வராத மாதத்திலும், உடல் நலங் குன்றிய நாளிலும், பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டிய இரவிலும் அக்கதவு திறக்க வேண்டும். அவள் தங்கப்போவது இரண்டாண்டு. சர்வதேச அட்டை அவ்வளவு காலத்துக்கு ஏற்றதன்று. அந்நாட்டு அட்டையே வேண்டும். எனினும் அங்கு அடையாளப் பத்திரம் கைக்கு வந்து, தன் பெயரில் அட்டை வாங்கும்வரை சில வாரங்கள் கழிதல் கூடும். அந்த முதற் சில வாரங்களே மிகவும் தனிமையானவை. அவ்விடைவெளிக்கென இலங்கை அட்டையின் ரோமிங்கையோ சிறியதொரு சர்வதேச அட்டையையோ கொண்டு செல்வது வீண் செலவாகாது. இங்கே மலிவு பார்ப்பது தகாது.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடும். ஐக்கிய அரபு இராச்சியத்தின் உள்ளூர் அட்டைகளிலே வாட்ஸ்அப்பின் எழுத்துச் செய்தி செல்லும். அதன் குரல் அழைப்பு செல்வதில்லை. அந்நாடு அனுமதித்த செயலிகள் வழியாகவே பேச வேண்டும். சவூதி அரேபியா 2017 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இணையவழி அழைப்புகளுக்கு இருந்த தடையைத் தளர்த்தியது. இதனை அறியாது போன பெண், அழைப்பு எடுபடாதபோது அட்டை கெட்டதென்று எண்ணுவாள்; வீட்டாரோ அவளுக்கு ஏதோ நேர்ந்ததென்று அஞ்சுவர். எந்தச் செயலியாற் பேசுவது என்பதைப் புறப்படுமுன் இருபுறத்தாரும் பேசி முடிவுசெய்து, இருவர் தொலைபேசியிலும் அதனை இட்டுக்கொள்ள வேண்டும். தொலைபேசியையே வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ஆகவே இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கத்தையும், வீட்டு இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி உடைமைகளுக்குள் பத்திரப்படுத்துதல் வேண்டும். அவற்றை நாட்டுக் குறியீட்டோடு முழுமையாக எழுத வேண்டும். உள்நாட்டில் அழுத்தும் நான்கு இலக்கக் குறுக்க எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் எடுபடமாட்டா.

அன்பினாற் செய்யும் பிழையொன்றும் உண்டு. யாத்திரை முடிந்து திரும்புகையில், தம் பெயரில் வாங்கிய இந்திய அட்டையை உறவினர் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வருவோர் உளர். உறவினர் பெயரில் வாங்கிய அட்டையைத் தாம் பயன்படுத்துவோரும் உளர். அட்டையைக் கொண்டு எவர் எக்குற்றஞ் செய்யினும், முதலில் விசாரிக்கப்படுபவர் பதிவிலுள்ள பெயருக்குரியவரே. மோசடியாலோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் அட்டை பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் இந்திய ரூபா வரை தண்டமும் விதிக்க, இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இடந்தருகின்றது. தெருவோரத்தில் முன்பின் அறியாதவரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து மலிவு அட்டை வாங்குவோர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தொடர்புக்கு இரு முனைகள் உண்டு. பயணம் போகிறவரின் அட்டையைப்பற்றியே பேசி, வீட்டிலிருப்பவரின் அட்டையை மறப்பதே பெருவழக்கு. மலைகள் சூழ்ந்த தோட்டங்களிற் சில லயங்களுக்குக் கோபுரத்தின் அலை சரியாக எட்டுவதில்லை. தாய்மார் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கோ பெருந்தெருவுக்கோ ஏற வேண்டியுள்ளது. அரபு நாட்டில் மகள் வேலை முடிக்கும் வேளை இங்கே நள்ளிரவாயிருக்கும். மழைபெய்யும் நள்ளிரவில் அத்தாய் மேடேறுவது எங்ஙனம்? ஆகவே எந்தக் கம்பனியின் அலை தங்கள் லயத்தை எட்டுகின்றது என்று பார்த்து, வீட்டாரும் அவ்வட்டையையே வாங்க வேண்டும். மாதந்தோறும் சிறிதளவேனும் டேட்டாவுக்கு ஒதுக்க வேண்டும். இரு நாட்டு நேரத்துக்கும் பொருந்தும் ஒரு வேளையை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். பயணியின் இலங்கை இலக்கத்துக்கும் இடையிடையே ரீலோட் செய்ய வேண்டும். நெடுநாள் பணமிடாத இலக்கம் கைவிட்டுப் போகும், வேறொருவருக்குக் கொடுக்கப்படவுங்கூடும்.

ஆகவே தெரணியகலையிலிருந்து புறப்படுபவர் கடைக்காரரிடம் விலை கேட்குமுன், வீட்டிலிருந்து ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளட்டும். செல்லும் இடம், தங்கும் நாட்கள், பேச வேண்டிய ஆட்கள், அவர்களிடமுள்ள தொலைபேசியின் வகை, தன் தொலைபேசி ஏற்கும் அட்டையின் வகை என்பன அவை. ஒரு வாரம் தங்குபவருக்குச் சிறிய சர்வதேச அட்டையோ ரோமிங் திட்டமோ பொருந்தும். ஒரு மாதம் தங்குபவருக்குச் சென்ற நாட்டின் அட்டை பொருந்தும். இரண்டாண்டு தங்குபவருக்கு முதற் சில வாரங்களுக்கு ஒன்றும், பின்னர் தன் பெயரிலேயே உள்ளூர் அட்டை ஒன்றும் வேண்டும். பாட்டியிடம் பொத்தான் தொலைபேசி மட்டும் இருப்பின், எவ்வளவு மலிவாயினும் டேட்டா அட்டை ஒன்றே போதாது. இத்தனையும் எழுத ஒரு தாளும் கால் மணி நேரமும் போதும். தெரணியகலையில் ஒரு தாய் விடியும்வரை விழித்திருக்க நேராதபடி காப்பதற்கு அக்கால் மணி நேரம் பெரிதன்று.